கட்டுப் போடாத கை

அண்ணாவுக்கு,

உன் மகள் என்னிடம்தான் இருக்கிறாள். மணிக்கட்டில் மாவுக்கட்டு. மூக்குக்கண்ணாடியை மறுபடியும் தொலைத்ததற்கு நாற்காலியைத் தூக்கி அடித்தாயாமே? "அப்பா மேல தப்பில்ல அத்தை, நான்தான் மறந்துட்டேன்" என்கிறாள். சின்ன வயதில் நான் குடையைத் தொலைத்த அன்று நீ என் தலையைச் சுவரில் மோதியபோது நானும் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனச்சிதறல் கோளாறு என்று போன வருடம் டாக்டர் சொன்னார், நாற்பத்து மூன்று வயதில்! காலையில் மாத்திரை, அடுப்பை அணைக்க அலாரம் என்று ஒருமாதிரி சமாளிக்கிறேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். நீ பாதியில் விட்ட வேலைகளையும், சாவி கிடைக்காமல் உடைத்த பூட்டுகளையும் சொன்னேன்.

"அவரையும் கூட்டிட்டு வாங்க. கோபம் சட்டுன்னு ஏறுறது இதனால இருக்கலாம். ஆனா அடிக்கிறது அவரா செய்றதும்மா."

நேற்று தெருவில் நின்று, "ரெண்டு லூசும் ஒண்ணா சேந்துட்டீங்களா? வெளிய வாங்கடி!" என்று கூச்சல் போட்டு ஜன்னலை உடைத்தாய். அவள் தலைமுடியெல்லாம் கண்ணாடிச் சில்லு.

காய் நறுக்கிய கத்தியோடு கதவுவரை வந்துவிட்டேன், அண்ணா. உன் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் கட்டுப் போடாத கையால் என்னைப் பிடித்து இழுத்தாள்.

முதலில் டாக்டரைப் போய்ப் பார். அதுவரை இந்தப் பக்கம் வராதே. அடுத்த முறை என்னைப் பிடித்து இழுக்க அவள் பக்கத்தில் இல்லாமல் போகலாம்.

உன் தங்கை