ஏலத்துக்குப் போன கறுப்புச் சேவல்

காலையில் அடுத்த வீட்டின் பின்புறமிருந்து இறகு பொசுங்கும் நாற்றம் வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன். அங்கே வாட்டுவது நம் சேவலைத்தான். நேற்று சர்ச் அறுப்புப் பண்டிகை ஏலத்தில் அவர்கள் எடுத்தார்கள்.

நீ பார்த்திருக்க வேண்டும். கழுத்து முழுக்க வெறும் சிவப்புத் தோல். முன்பக்கத்தில் வழக்கமாக நிற்கும் சிறு இறகுக்கொத்துகூட இல்லை. உடம்பு முழுக்கக் கறுப்பு, ஒரு தவிட்டு நிற இறகு கிடையாது. நீ பஸ் கண்டக்டராக இருந்தபோது, ஒற்றசேகரமங்கலத்தில் ஏறிய ஒருவரின் கூடையில் கழுத்து மொட்டையான பெட்டைக்கோழியைப் பார்த்துக் கேட்டு வாங்கி வந்தாயே, அன்றிலிருந்து நாம் தேடியது இதைத்தான்.

"எலே சாரே, இவளுக்க வம்சத்த கரிக்கட்ட போல ஆக்கணும். கழுத்து மட்டும் செவந்து இருக்கணும்" என்றாய்.

நான் கால்களில் வளையம் மாட்டி, எந்தப் பெட்டையோடு எந்தச் சேவல் என்று பிரித்து அடைத்தேன். நீ குஞ்சுகளைத் தூக்கிப் பார்த்துக் கழித்தாய். கறுப்பு கூடிவரும். அதற்குள் பண்டிகை வந்துவிடும். இருப்பதில் சிறந்த சேவலை நீ சர்ச்சுக்குக் கொண்டுபோவாய். மிஞ்சியதை வைத்து இனம் பெருக்குவோம். அடுத்த ஈட்டுக் குஞ்சுகளில் தவிட்டு நிறம் திரும்பிவிடும்.

"ரெண்டாவது உள்ளத குடுத்தா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கர்த்தருக்கு ரெண்டாந்தரமா? அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

"அவரு வளக்கவா போறாரு? ஆரோ கறி வைக்கப் போறாவ."

"அது அவருக்கும் கறி வைக்கியவனுக்கும் உள்ள காரியமாக்கும். நீ வளையத்த மாட்டு."

மாட்டினேன். நீ சொன்னது சரியா, நான் நினைத்தது சரியா என்று இன்றும் எனக்குத் தீர்மானமில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு பொரித்த ஈட்டில்தான் இவன் வந்தான். இப்போதுதான் கூவத் தொடங்கியிருந்தான். பெட்டைகளோடு இன்னும் விடவில்லை. இந்த வருடம் கேட்க ஆளில்லை, இவன் தங்கிவிடுவான் என்று எண்ணியிருந்தேன். சனிக்கிழமை உன் மனைவி கூடையோடு வந்து நின்றாள்.

"அண்ணா, அவரு கெடப்புல சொன்னதாக்கும். இந்த வருஷமும் நல்லது ஒண்ணு போகணுமாம். எதுன்னு உங்களுக்குத் தெரியும்னு சொன்னாரு."

வேறொன்றைக் காட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அவளுக்கு வித்தியாசம் தெரியாது. நான் இவனைத்தான் பிடித்துக் கூடையில் வைத்தேன். காணிக்கை கொடுத்தவர்களே திரும்ப ஏலம் எடுப்பது நம் சபையில் வழக்கமில்லை. ஏலம் முடியும்வரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

இனி இருப்பது இவனோடு பிறந்த சேவல். செட்டையில் தவிட்டு நிறம், கழுத்தில் இறகுக்கொத்து. இன்று அவனைப் பெட்டைகளோடு விட்டேன். அவன் வழியில் அந்தக் கறுப்பு மறுபடி வரும் என்று நான் நம்பவில்லை. காத்திருக்க எனக்கு வயதும் இல்லை. அப்படியே ஒன்று வந்தாலும், உன் மனைவி கூடையோடு வருவாள். நானும் கூட்டில் கைவிட்டு, தவறாமல் அதையே எடுத்துக் கொடுப்பேன்.