நான் விட்ட வரி

ஜூலை 1, செவ்வாய்

வீட்டுக்காரரும் நானும் பேச்சுப் பயிற்சிக்குப் போய் வந்தோம். பதினோராவது தடவை. அந்தப் பெண் டாக்டர் ஒவ்வொரு படமாகக் காட்டுகிறாள். நாற்காலி, குடை, சாவி. இவருக்கு எல்லாம் தெரிகிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் வாயைத் திறந்தால் "அது... அது வந்து..." அவ்வளவுதான்.

இருபத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் லிஃப்ட் நின்று உள்ளே மாட்டிக்கொண்டு அழுகிறவர்களிடம், கதவுக்கு வெளியே நின்று கதை பேசிப் பேசியே சிரிக்கவைத்துவிடுவார். நாலு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கை தேறிவிட்டது, கால் தேறிவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

ஆண்டவரே, போயும் போயும் வாயாடி மனுஷனைத் தேடிப் பிடித்தா வாயை எடுத்தீர்? பேசாமல் இருந்தால் ஊருக்கே நல்லது என்று சொல்லும்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்! பட்டியல் வேண்டுமானால் கேட்டிருக்கலாமே, எழுதித் தந்திருப்பேன்.

ஜூலை 3

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு அம்மாவுக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். படியிறங்கும்போது தலை சுற்றியதாம், திரும்ப வந்தார். முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

எங்கிருந்து எழுதுவது?

நோய் வந்த பிறகு முதல் முறையாக இவரை ஆலயத்துக்குக் கூட்டிப்போனேன். வாராவாரம் சொல்லும் பரமண்டல ஜெபம் வந்தது. எல்லோரும் எழுந்து சொன்னோம். அதில் உம்முடைய ராஜ்யம் வருவதாக என்பதற்கு அடுத்து, சித்தம் என்று வரும் வரியில் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆரம்பித்த பழக்கம். உமது இஷ்டப்படி நடக்கட்டும் என்று எப்படிச் சொல்வேன்? நடந்தது போதாதா? அந்த ஒரு வரிக்கு மட்டும் நான் ஊமை. யாருக்கும் தெரியாது.

இன்றும் அங்கே வாயை மூடினேன். பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. இவர் குரல். ஒரு எழுத்துப் பிசகாமல், கணீரென்று, ஆமென் வரைக்கும்.

முன் வரிசையிலிருந்த அல்லேலூயா அக்கா திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். (எதற்கெடுத்தாலும் அல்லேலூயா என்பதால் எங்கள் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். வைத்தது இவர்தான்.) போதகர் இறங்கி வந்து இவர் கையைப் பிடித்து உயர்த்தினார். சபையே அழுதது. நானும் தேம்பித் தேம்பி அழுதேன்.

வீட்டுக்கு வந்து, "ஏங்க, தண்ணி வேணுமா?" என்றேன்.

"அது... அது வந்து..."

ஜூலை 8, செவ்வாய்

பயிற்சிக்குக் கூட்டிப்போகும் கார் வரவில்லை. சபைக்காரர் ஒருவர் இத்தனை வாரமாகத் தன் காரில் கூட்டிப்போனார். கார் அண்ணன். அவருக்குப் போன் போட்டேன்.

"அதான் சுகமாயிட்டாரே தங்கச்சி! கர்த்தர் தொட்ட பிறகு டாக்டர் எதுக்கு?"

ரெண்டு பஸ் மாறி, நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அசரவில்லை. மனப்பாடமாகிப்போனது மூளையில் வேறு இடத்தில் இருக்குமாம், சில பேருக்கு அது தப்பித்துவிடுமாம்.

"அப்ப இது அற்புதம் இல்லையா?" என்றேன்.

"அது உங்க இஷ்டம்மா. எனக்கு இது ஒரு வழி. தினமும் வீட்டுல நீங்க ஒவ்வொரு வரியா ஆரம்பிங்க, அவர் முடிக்கட்டும்."

வேறு பாட்டு, கதை எதுவும் இவருக்கு மனப்பாடமில்லை. இது ஒன்றுதான். நல்லா மாட்டினேன்.

ஜூலை 11

மூன்று நாளாகச் செய்கிறோம். ராஜ்யம் வரைக்கும் ஜோராக வருகிறார். அப்புறம் நின்றுவிடுகிறார். நான் அடுத்ததை ஆரம்பித்தால் திருதிருவென்று முழிக்கிறார்.

ஜூலை 13, ஞாயிறு

ஆலயத்தில் கொடுக்கும் வாராந்திரத் தாளில் இவர் பெயரை நோயாளிகள் பட்டியலிலிருந்து எடுத்து, நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். பூரண சுகமாம். பூரண!

வருகிறவர்கள் எல்லாம் கைகுலுக்கி "எப்படி இருக்கீங்க பிரதர்?" என்கிறார்கள். இவர் "அது வந்து" என்கிறார். தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். இவர் காது சிவந்துபோனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அல்லேலூயா அக்கா என்னை ஓரங்கட்டி, "சந்தேகப்பட்டா வந்த சுகம் திரும்பிப் போயிடும், பாத்துக்க" என்றாள்.

"அக்கா, ஒருநாள் எங்க வீட்டுக்கு வாங்க. அவருக்குக் காலையில என்ன வேணும்னு கேட்டு எனக்குச் சொல்லிட்டுப் போங்க. அப்புறம் பேசலாம்."

போதகரிடமும் போய்க் கொட்டினேன். பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சபை அழுததைப் பாத்து நானும் அழுதுட்டேன்மா. உங்களை ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கணும்." அப்படிச் சொல்லிவிட்ட மனுஷனிடம் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

ஜூலை 15, செவ்வாய்

இன்றும் ரெண்டு பஸ். டாக்டர் ஒரு அட்டையில் ஜெபத்தை எழுதிவைத்திருந்தாள். "நீங்க வீட்டுல எப்படிச் செய்றீங்களோ அப்படியே செய்ங்க" என்றாள். செய்தேன். ராஜ்யத்துக்கு அப்புறம் இவர் நின்றார்.

"ஒரு வரியை விட்டுட்டீங்களே?"

"தெரியும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அம்மா, அவர் அந்த வரிக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கார். அது வராம அவரால அடுத்ததுக்குப் போக முடியாது."

என் மகள் வயசுதான் இருக்கும் அவளுக்கு. கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

ஜூலை 16

முடியாது. அந்த வரி மட்டும் முடியாது.

ஜூலை 19, சனி

இன்றைக்கு நான் செய்ததை நானே எழுதிவைக்கிறேன்.

காலையில் அடுப்படிக்கு வந்து நின்றார். கடைக்கு நேரமாகிவிட்டது எனக்கு. என்னைக் காட்டினார், தன் காதோரத்தைத் தட்டினார். தலைவலியா என்று மாத்திரையைக் கொடுத்தேன். தள்ளினார். தண்ணீர், துண்டு, ரேடியோ, எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டல். மேசை இழுப்பறையை டமாரென்று இழுத்தார், உள்ளே இருந்ததெல்லாம் தரையில் சிதறியது.

"என்னதான்யா வேணும் உனக்கு? சர்ச்சுல ஊரே கேக்க முழங்கினியே, எனக்கு ஒரே ஒரு வார்த்தை வராதா? அவ்வளவு வேண்டாதவளா போயிட்டேனா?"

கல்யாணமான நாளிலிருந்து இவரை ஒருமையில் பேசியதில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைக்குப் போய் மேசையில் குனிந்தேன். என் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் கழன்று விழுந்தது. திருகாணி எப்போதோ லூசாகியிருக்கிறது. இவர் தேடியது குட்டி ஸ்க்ரூடிரைவர். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறேன், என் கண்ணாடி ஆடுவதை இவர்தான் பார்த்திருக்கிறார்.

ஐயோ. ஐயோ.

ஜூலை 20, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று மூன்று தரம் எதிரில் போய் உட்கார்ந்தேன். மூன்று தரமும் "காபி போடட்டுமா?" என்றுதான் வந்தது. வார்த்தையெல்லாம் என்னிடம்தான் இருக்கிறது, ஒன்றும் உதவவில்லை.

பயிற்சியை ஆரம்பித்தோம். ராஜ்யம் முடிந்தது. காத்திருந்தார்.

நான் மேலே பார்த்து, "இதோ பாரும், ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதேயும். எனக்கு இன்னும் ஒண்ணும் புரியல. இவர் நிக்கிறார், அதுக்காகச் சொல்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் அந்த வரியை ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டேன். மிச்சத்தை அவர் சொன்னார். அங்கிருந்து நிற்கவேயில்லை, மடமடவென்று ஆமென் வரைக்கும் போனார்.

எனக்கு நிம்மதியா, தோற்றுப்போனேனா? தெரியவில்லை. ரெண்டும்தான்.

ஜூலை 24

எழுதிவைத்தால் யாரும் நம்பமாட்டார்கள். காலையில் இவர் தானாகவே ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். ரயிலுக்கு நேரமானவர் மாதிரி அவசரம். ஆகாரம் என்ற சொல் வந்ததும் டக்கென்று நிறுத்தி, அடுப்பைக் காட்டினார்.

பசிக்கிறதாம்!

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவரும் சிரித்தார். ஒரு தோசைக்குப் பரலோகத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறார் மனுஷர்.

ஜூலை 27, ஞாயிறு

போதகர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நான் அவசரப்பட்டுட்டேன். நம்ம சகோதரர் இன்னும் சுகமாகல. நாம நிறுத்தின ஜெபத்தையும் உதவியையும் மறுபடி ஆரம்பிப்போம்." பெயர் நோயாளிகள் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது. ஒரு பெயர் நோயாளிப் பட்டியலுக்குப் போனதற்குச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கார் அண்ணன் அசடு வழிய வந்து, செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அல்லேலூயா அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அதுவும் ஒரு ஸ்தோத்திரம்தான்.

ஆகஸ்ட் 2, சனி

ரெண்டு வாரம் ஆகிவிட்டது. இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இவர் மறந்தேபோயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன். மறக்கவில்லை. இப்போதெல்லாம் அடுப்படிக்குள் கால் வைக்கும் முன் ஒரு நிமிஷம் தயங்குகிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆலயத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். என் கண்ணாடியை வாங்கி, அந்த ஸ்க்ரூடிரைவரால் மறுபடி ஒருமுறை முறுக்கிக்கொண்டிருந்தார். அது கெட்டியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும்.

அவர் போகிற வழியிலேயே நானும் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். இது பயிற்சி நேரமில்லையே என்று நிமிர்ந்தார். அந்த வரியையும் சொன்னேன், இந்தத் தடவை முழுசாக. ஆகாரத்தில் நான் நிற்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் நிற்கவில்லை. மன்னியும் என்ற சொல்லுக்கு வந்து, அங்கே நின்று, அவரையே பார்த்தேன்.

முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கண்ணாடியைத் துடைத்து என் முகத்தில் மாட்டிவிட்டார்.

ஐந்து மாதமாக இந்த மனுஷரால் எந்தச் சொல்லுக்கும் நேராகப் போக முடிந்ததில்லை. எதற்கும் முதலிலிருந்துதான் வரவேண்டும். இன்று மிச்சமிருந்த வரிகளையெல்லாம் விட்டுவிட்டு, நேராக, ஒரே சொல்லாகச் சொன்னார்.

"ஆமென்."

சோறு ஆறிப்போயிருந்தது. அப்படியே சாப்பிட்டோம்.