நொதியத்தின் வாய்க்குத் தப்புவது

பெப்ரவரி 12
காலையிலிருந்து தூறல். கரண்ட் போனது, வந்தது, திரும்பப் போனது.

ஆய்வுகூடத்தில் குடுவை நாசம். பாண் புளிக்க வைக்கிற அதே மதுவத்தை, ஈஸ்டை, இன்சுலின் செய்யப் பழக்கியிருக்கிறேன். செய்கிறது. செய்ததைத் தன் நொதியங்களாலேயே நறுக்கியும் போடுகிறது. குளிரில் வைத்தால் நறுக்கல் குறையும். உதவியாளர் பரமண்ணன், கரண்ட் போனதும் குடுவையைப் பழைய சாரத் துணியால் சுற்றி ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"அப்பமாவு குளிருக்குப் பொங்காது மிஸ். இதுவும் அப்படித்தானே எண்டு..."

ஏசினேன். பிறகு சிரிப்பு வந்தது.

யுத்தம் நடக்கிற வன்னிக்கு இன்றும் போன் இல்லை. அங்கே மாட்டியிருக்கிற அண்ணனுக்குத் தினமும் இன்சுலின் ஊசி வேண்டும். அங்கே மருந்து இல்லையாம். நான் செய்வது அவருக்குப் போய்ச் சேராது, தெரியும். ஆனாலும் அவரை நினைக்காமல் குடுவையைத் தொட முடியவில்லை.

மார்ச் 3
நல்ல வெயில். வாங்க: தேயிலை, கையுறை, குடைக்கம்பி.

கூட வேலை செய்யும் காத்தான்குடி பௌசியாவின் யோசனை: இன்சுலினும் புரதம்தானே, மலிவான வேறு புரதச் சாறு கொஞ்சம் ஊற்று. "நொதியம் அதைத் தின்னட்டும்கா. நம்மட சாமான் தப்பும்."

பரமண்ணன்: "நாங்க கழிப்புக் கழிக்கிற மாதிரி. பேய்க்குச் சந்தியில சோறு வச்சா ஆள் தப்பும்."

சரிதான். நாளை ஊற்றிப் பார்க்கலாம்.

கல்லடிப் பாலத்தில் ஆமிச் சோதனை, நீண்ட வரிசை. நின்றபடி யோசனை. ஒன்றைத் தின்னக் கொடுத்து இன்னொன்றைக் காப்பாற்றுவது குடுவைக்குள் சரி. வன்னியில் யாரைக் காப்பாற்ற யாரை முன்னால் விடுகிறார்கள்? எழுதவே பயமாக இருக்கிறது.

மே 19
புழுக்கம். யுத்தம் முடிந்ததாக ரேடியோவில். தெருவில் வெடி கொளுத்துகிறார்கள்.

சாறு ஊற்றிய குடுவை, இந்த முறை குளிரிலும் வைத்தது. சோதித்தோம். துண்டுகள் இல்லை, இன்சுலின் முழுசாக. பௌசியா கட்டிப்பிடித்தாள். பரமண்ணன் பிளேன்ரீ போட்டார், சீனி அதிகம். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே வெட்கமாகவும் இருந்தது.

மே 27
அண்ணி பேசினா. முகாமிலிருந்து, யாருடையவோ போனில்.

"இருக்கார் மச்சாள். காலொண்டு எடுத்தாச்சு. ஷெல் படல்ல. ஊசியில்லாம புண் அழுகித்து." பிறகு மெதுவாக, "மருந்து கொண்டுவர ஏலுமா?"

ஏலும் என்றேன்.

இங்கே மட்டக்களப்பில் எந்தப் பாமசியிலும் கிடைக்கிற மருந்து. அழுகையை விடக் கோபம்தான் வருகிறது. பிளாஸ்க் கழுவியாயிற்று. ஐஸ் வாங்க வேண்டும். வழியில் உருகினால் புது ஐஸுக்கு எங்கே போவது?