இரண்டாம் எண் கிண்ணம்

இன்று காலை பூஜை அறை வாசலில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், உன் மகள் வித்யா, பேப்பரை மடித்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்த உன் அண்ணா. ஸ்வாமிக்கு முன்னால் மூன்று எவர்சில்வர் கிண்ணங்களில் ஸ்ட்ராபெர்ரி, ஒவ்வொன்றிலும் ஓர் எண். அந்த வாசனை வந்ததும் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

பல வருஷங்களுக்கு முன்பு நீ களமசேரி ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ராபெர்ரி ரகங்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தாய். சிவப்பைத் தருவது ஆந்தோசயனின், அதோடு எலாஜிக் அமிலம், வைட்டமின் சி என்ற சத்துகளும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் ரகங்களில்கூட இவற்றின் அளவு வேறுபடும் என்று எங்கள் மட்டாஞ்சேரி அடுக்களையில் நின்றபடி சொன்னாய். பத்தாவதோடு நின்ற நான் அந்தப் பெயர்களை நோட்டில் எழுதிவைத்து, உன் புத்தகங்களைப் பார்த்துத் திருத்திக்கொண்டேன்.

சத்தை அளக்க மெஷின் இருந்தது. எந்த ரகம் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று அறிய உனக்குப் பத்து வீடுகள் வேண்டியிருந்தன.

"மூணையும் தின்னு பாத்து மார்க் போடணும் மன்னி, அவ்ளோதான்."

"ஸ்வாமிக்குக் காட்டாம ஒண்ணும் வாயில போடமாட்டேன்."

"காட்டிக்கோங்கோ. ஆனா ஸ்வாமி மார்க் போடப்படாது, கேட்டேளா?"

நீ கொடுத்தவை பிளாஸ்டிக் கிண்ணங்கள். அதில் நைவேத்தியம் செய்ய மனசு வரவில்லை. வெள்ளித்தட்டில் மூன்று குவியலாக மாற்றினேன். தீபாராதனை முடிந்து எடுக்கையில் தட்டு சாய்ந்து, இரண்டாவதும் மூன்றாவதும் கலந்துவிட்டன. பார்வையாலேயே பிரித்துக் கிண்ணங்களில் போட்டேன். தின்று பார்த்து, பிடித்தது இரண்டு என்று எழுதினேன்.

சாயங்காலம் வந்து தாளைப் பார்த்தாய். "ஒம்பது வீட்டிலயும் மூணு. மன்னிக்கு மட்டும் ரெண்டு! சத்து கூடுதல் உள்ளதும் அதாக்கும். எந்தொரு நாக்கு!" என்று மலையாளம் கலந்து வியந்தாய்.

தட்டு சாய்ந்ததை அப்போதே சொல்லியிருக்கவேண்டும். படிப்பு விஷயத்தில் ஒருவர் என்னை மெச்சியது அதுதான் முதல் தடவை. தாளைத் திருத்தாமலே உன்னை எடுத்துப்போக விட்டேன். சத்து மிகுந்த ரகத்தையே விரும்பிய ஒருவர் இருக்கிறார் என்று நீ கட்டுரையில் ஒரு வரி எழுதினாய். அது அச்சிலும் வந்தது. கல்யாண வீடுகளில் "களமசேரிக்கே சர்டிஃபிகேட் குடுத்த நாக்கு" என்று என்னைக் காட்டுவாய். எல்லாரும் சிரிப்பார்கள், நானும். அதன் பிறகு என் அடுக்களையில் பெயர் எழுதாத டப்பா ஒன்றுகூட இல்லை. அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை.

வித்யா இப்போது தன் ஆராய்ச்சிக்கு அதே ரகங்களை, உன் பழைய எண்களோடு, மறுபடி எடுத்திருக்கிறாள். "அம்மா எழுதின அந்த ஒரு நாக்கிலேர்ந்துதான் மாமி, நான் தொடங்கப்போறேன்" என்றாள். உன் கையெழுத்தைப் படிப்பதுபோல அந்த வரியைப் படித்துக் காட்டினாள். நான் வாயைத் திறக்காவிட்டால், இல்லாத ஒரு நாக்கின் மேல் அவள் வருஷக்கணக்கில் உழைப்பாள்.

இன்று வித்யா கொண்டுவந்த எவர்சில்வர் கிண்ணத்தோடேயே நைவேத்தியம் செய்தேன், மாற்றவில்லை. அவள் போன பிறகு தின்று பார்த்தேன். இரண்டு, பல் கூசும் புளிப்பு. பிடித்தது மூன்று, அந்த ஒன்பது வீடுகளைப் போலவே.

தாளில் மூன்று என்று எழுதிவிட்டேன். அதன் கீழே அன்று தட்டு சாய்ந்ததையும் எழுதியிருக்கிறேன், பென்சிலில். அச்சில் வந்த வரி உன்னுடையது. அதனால் உன்னைக் கேட்காமல் பேனாவை எடுக்கவில்லை. கிருஷ்ணன் படத்தின் வலப்பக்கம் ஒரு பூ வைத்திருக்கிறேன். அது விழுந்தால் நீ சரி சொன்னதாக எடுத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை காலை வித்யா தாளை வாங்க வருகிறாள். அதற்குள் பதில் வேண்டும். சீக்கிரம் சொல்.