ஏழாம் நம்பர் கட்டில்

கிழக்குத் தாம்பரம்,
12-8-1972

அன்பு மகள் ஹில்டாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் தம்பியும் சுகமாயிருக்கிறோம், என் வலது மணிக்கட்டைத் தவிர. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல ஜெபசீலன் எழுதுகிறான். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். மின்சார ரயில் கார் ஷெட்டில் எனக்கு ஷிப்ட் இருக்கிறது, அம்மா இன்னும் மணிக்கட்டைத் தாண்டவில்லை.)

இங்கிலாந்திலிருந்து உன் கடிதம் வந்தது. ஏழாம் நம்பர் கட்டில்காரர் நீ பக்கத்தில் நிற்கும்போதே போய்விட்டார், இந்தத் தீவிர சிகிச்சை நர்ஸ் படிப்பு எனக்கு ஒத்துவராது, விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்து அழுதேன். அதோடு இங்கே ஒரு சிக்கல். நீ நோயாளி பெயரை எழுதமாட்டாய், கட்டில் நம்பர்தான் எழுதுவாய், நானும் நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அந்த நம்பரையே ஜெபக்குறிப்பாகக் கொடுத்துவிட்டேன். அவர் இறந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞானஜோதி டீச்சர் இன்னமும் வாராவாரம் எழுந்து நின்று, ஆண்டவரே, லீட்ஸ் பட்டணத்து ஏழாம் நம்பர் கட்டிலைத் தொட்டருளும் என்று உருகுகிறார். (கட்டில் இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகாது என்றேன். எழுதுகிற வேலையைப் பாருடா என்கிறாள்.) சங்கத்துப் பெண்கள் வாயால் விஷயம் குரோம்பேட்டை மீன்காரி வரைக்கும் போய், இன்னாம்மா, ஏழாம் நம்பரு இப்ப எப்டி கீறாரு என்று நேற்று அவள் கேட்கிறாள். இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லிவிட்டோமே என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். பொய்யில்லை. கட்டிலைச் சும்மா போட்டு வைத்திருப்பார்களா, இந்நேரம் வேறு யாரோ படுத்திருப்பார், அத்தனை ஜெபமும் அவருக்குத்தான் போகிறது. டீச்சர் இங்கே எழுந்து நிற்கும்போது நீ அங்கே பெட்டி கட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

குளிருக்குக் கம்பளிக் காலுறை போடு, வெறும் டீயைக் குடித்துவிட்டு டியூட்டிக்கு ஓடாதே. கர்த்தர் உன் கைகளைத் திடப்படுத்துவார். ஏழாம் நம்பரில் இப்போது இருப்பது ஆணா பெண்ணா என்று மறக்காமல் எழுது, டீச்சருக்குச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
மெட்டில்டா

(இடது கையால் அவளே போட்ட கையெழுத்து, நண்டு போட்டதல்ல. இன்னொன்று: உன் அறை முழுக்க என் ரேடியோ சாமான்கள். இப்போதைக்கு இடமில்லை.)