புளி தட்டும் இடத்துப் பேச்சு

அக்கா,

பக்கத்து வீட்டில் புளி தட்டிக் கொட்டை எடுக்கிறார்கள். ஜன்னல் வழியாக அந்தப் புளிப்பு வாசனை வந்ததும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. இன்றுதான் நீங்கள் இல்லாதது எனக்குப் பயமாக இருக்கிறது.

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செல்போன் கடையில் அந்த மாதிரிப் படங்களை ஏற்றிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், பெண்களைத் திரட்டிப் போய்க் கடையைச் சாத்த வைத்தவர் நீங்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் என் முதல் கதையைப் படிக்கக் கொடுத்தேன். கணவன்மேல் ஆசைப்படும் ஒருத்தியின் கதை. நம் பள்ளி முடிந்து இருவரும் பஸ்ஸில் வரும்போது கேட்டீர்கள்: "கடைக்காரன் காட்டுனா ஆபாசம், டீச்சர் எழுதுனா இலக்கியமாம்மா? படிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." ஒருத்தி தன் ஆசையைச் சொல்வதும் அந்தப் படமும் ஒன்றா என்று கேட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்த வாரம் முழுக்க உங்களோடு பேசவில்லை.

பிறகு உங்கள் வீட்டில் புளி தட்ட ஆள் வந்தபோது என்னையும் கூப்பிட்டீர்கள். கொட்டை எடுத்துக்கொண்டே பெண்கள் புருஷன் கதைகளை எடுத்துவிட்டார்கள். ஆம்பளை யாராவது அந்தப் பக்கம் வந்தால் பேச்சு மழைக்குத் தாவும். அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நல்லம்பள்ளியிலிருந்து வந்த ஒருத்தி, தனக்கு எப்படி வேண்டும் என்று கணவனிடம் வாய்விட்டுக் கேட்டதைச் சொன்னாள். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அப்புறம் என் காதோரம் சொன்னீர்கள்: "அந்தக் கடைப் படத்துல எவளாவது தனக்கு என்ன வேணும்னு சொல்றாளா? இவ சொல்றா. நீ சொன்னதும் சரிதாம்மா. ஆனா கேக்கறவன் யாருன்னு பாத்துக்க." ஆள் பார்த்து எழுதினால் அது எழுத்தா என்று அதற்கும் சண்டை போட்டேன்.

அந்த நல்லம்பள்ளிக்காரியின் சம்மதத்தோடு அதைக் கதையாக்கினேன். போன மாதம் ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. நேற்று யாரோ அதில் ஒரு பத்தியை மட்டும் படமெடுத்து, என் போட்டோவோடு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். ஹெச்.எம். போன் செய்து, "நாளைக்குக் காலைல வூட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க டீச்சர்" என்றார். வேலை போய்விடுமோ என்று பயம். என் வீட்டுக்காரரோ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதுதான் இன்னும் பயம்.

அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் எழுத்துதான், ஆனால் எனக்கே கூசியது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. அவள் வாய்திறந்து கேட்கிற வரியை வெட்டிவிட்டு, உடம்பை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

நம் சண்டையில் நீங்களும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை அக்கா. எனக்கென்று மிஞ்சியிருப்பது "தனக்கு என்ன வேணும்னு சொல்றாளா?" என்ற உங்கள் கேள்வி ஒன்றுதான். நாளை ஹெச்.எம். முன்னால், இவரும் கேட்க, வெட்டிய வரியை வாசிக்கப் போகிறேன். இப்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பாதி வரிதான் வந்தது. இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கிறேன்.