மூன்று ஞாயிறும் ஒரு என்.ஓ.சி.யும்

லிட்டில் வென்ஸ்கோம், இங்கிலாந்து
26.4.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

முதியோர் இல்லத்தில் நர்ஸ் டியூட்டி முடிந்து ஓடிவந்து எழுதுகிறேன், கையெழுத்தைத் திட்டாதீர்கள். இந்த ஊரில் மொத்தமே இருநூற்றுப் பத்துப் பேர். ஒரே கடை, அதற்குள்ளேயே தபாலாபீஸ். சர்ச் கோபுரத்தைக் கொத்தனாரான நீங்கள் பார்க்க வேண்டும். பாதிவரை மஞ்சள் கல், மேலே சாம்பல் கல். 1349இல் கொள்ளைநோயில் கொத்தனார்கள் இறந்துபோக, நாற்பது வருடம் கழித்து வேறு ஆட்கள் வந்து முடித்தார்களாம். அங்கே மணி அடிக்கும் மார்ட்டின் சொன்னார்.

அந்த மார்ட்டினைத்தான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன், அப்பா. இங்கே ஒரு வழக்கம். மூன்று ஞாயிறு எங்கள் பெயர்களை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாதிரியார் கேட்பார். ஜூன் 7, 14, 21. ஊரே சரி என்றாலும், நீங்கள் சரி என்று எழுதாமல் நான் அங்கே போய் நிற்க மாட்டேன்.

அன்பு மகள்,
ராதிகா

தோஹா தொழில்பேட்டை
8.5.1998

அன்பு மகள் ராதிகாவுக்கு,

கேம்ப்பில் எல்லோரும் சுகம். உன் கடிதத்தை ரூமில் எட்டுப் பேருக்கும் படித்துக் காட்டினேன், கோபுரம் வரைக்கும் மட்டும். சுண்ணாம்புக் கலவையா? சுவர் எத்தனை அடி கனம்? முக்கியமாக, இரண்டு கல்லும் சேருகிற இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து எழுது. மற்ற விஷயம் அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நாகலிங்கம்

லிட்டில் வென்ஸ்கோம்
17.5.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்ல ஆள் நீங்கள். நான் கேட்டது ஒன்று, நீங்கள் கேட்பது ஒன்று. ஆனாலும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன், மார்ட்டின் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்புதான். நான்கு அடி. சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். விரிசல் இல்லை. அறுநூறு வருடம், அப்பா. இப்போதாவது பதில் எழுதுங்கள்.

ராதிகா

தோஹா தொழில்பேட்டை
29.5.1998

அன்பு மகளுக்கு,

விரிசல் இல்லை என்று படித்ததும் ரூமுக்கே டீ போட்டுக் கொடுத்தேன். அம்மா, பையன் காரம் சாப்பிடுவானா என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது, வர வழியில்லை. அதனால் ஆட்சேபணை இல்லை என்று ஒரு என்.ஓ.சி., நாலு காப்பி அனுப்புகிறேன். பேப்பர் இல்லாமல் எந்த ஆபீசிலும் வேலை நடக்காது, சர்ச் மட்டும் என்ன. டைப்பிங் கடையில் அடித்து, ஃபோர்மேன் ரகுநாதன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஸ்டாம்ப் கேட்பார்களோ என்று கட்டைவிரல் ரேகையும் வைத்துவிட்டேன். பாதிரியாரிடம் ஞாயிறுக்கு ஒரு காப்பி கொடு. நாலாவது, ஏணியைப் பிடித்துக்கொண்ட மாப்பிள்ளைக்கு.

ஐந்து வருடம் முன்பு வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தும் என் கபீல், விசா கொடுத்த முதலாளி, இந்தப் பேப்பரைத் தரவில்லை. ஒரு கையெழுத்துக்காக அவர் வாசலில் எத்தனை நாள் நின்றிருப்பேன். உன்னையும் ஒரு மாதம் நிற்க வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

எந்த ஆட்சேபணையும் இல்லாத,
உன் அப்பா